அளவு மெஷினைக் கழற்றுவதற்கு முன்: தோல் தொழில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் அளவு அறையையும் ஸ்டோரையும் அலுவலகக் கணினியையும் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் முதலாளிகளுக்கும்,



பாலாற்றங்கரை ஊர்களில் கணினி சர்வீஸ் பார்த்துப் பிழைக்கிறவன் நான். சில மாதங்களாக எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஒரே புகார்தான் காதில் விழுகிறது. "புது சிஸ்டம் வந்துடுச்சு. மெஷரிங் மெஷின் வயரைச் சொருக எடமே இல்ல. மெஷினையே மாத்தணும்னு சொல்றாங்க." யார் சொன்னார்கள் என்று கேட்டால் கணினி விற்றவர் சொன்னதாகவோ, மெஷின் விற்பனைக்கு வந்தவர் சொன்னதாகவோ பதில் வரும்.

மெஷினை மாற்ற வேண்டாம். கணினிக்குள் ஒரு கார்டு போட்டால் போதும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான மடல்.

இது இப்போது திடீரென்று கிளம்பக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகளில் முறைப்படி ஏறாது. அதனால் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் மாற்றத் தொடங்கினார்கள். பழைய பெட்டியின் முதுகில் ஒன்பது பின் சீரியல் போர்ட் ஒன்று இருந்தது. பிரிண்டருக்கான நீளமான 25 ஓட்டைப் போர்ட்டும் பலவற்றில் இருந்தது. புதுப் பெட்டியில் இரண்டும் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில்தான் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டது. ஆர்டர் எப்போது வரும் என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், நன்றாக ஓடுகிற மெஷினைக் கழற்றிவிட்டுப் பல லட்சத்துக்குப் புதிது வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மெஷினை மாற்றப் பணமில்லாதவர்கள் செய்கிற காரியம்தான் எனக்கு இன்னும் அதிகக் கவலை தருகிறது. அவர்கள் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மெஷின் அளக்கிறது, ஒருவர் எண்ணைப் பார்த்துச் சொல்கிறார், இன்னொருவர் எழுதுகிறார், மாலையில் அலுவலகத்தில் மூன்றாமவர் அதைக் கணினியில் அடிக்கிறார். இதில் என்ன போயிற்று என்று கேட்பவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஃபினிஷிங் முடிந்த தோலுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை. ஆட்டுத்தோலின் காலும் வயிறும் கழுத்தும் எந்த ஸ்கேலுக்கும் அடங்காத வளைவுகள். அதற்காகத்தான் அளவு மெஷின் வந்தது. முதலில் ஊசிச் சக்கரம் வைத்தவை, பிறகு ஒளிக்கண் வைத்தவை. உருளைமேல் தோல் நகரும்போது குறுக்கு வரிசையில் எந்தெந்தக் கண் மறைபடுகிறது என்று மெஷின் எண்ணிக்கொண்டே போகும். தோல் கொஞ்சம் நகர்ந்ததும் மறுபடி எண்ணும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால் பரப்பு வந்துவிடும். தோல் பரப்பை அளக்கும் கருவிகளுக்கென்றே சர்வதேச சட்ட அளவியல் அமைப்பு ஆர் 136 என்ற தனிப் பரிந்துரையை வைத்திருக்கிறது. இந்த அளவின்மேல் எவ்வளவு பணம் கைமாறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அளந்ததும் தோலின் சதைப்புறத்தில் எண் விழும். நம் தொழிலில் கால் அடிக் கணக்கு உண்டு. ஐந்து என்று எழுதி அதன் தலைமேல் சின்னதாக மூன்று போட்டால் ஐந்தே முக்கால், ஒன்று போட்டால் ஐந்தே கால். அந்தச் சின்ன ஒன்றும் சின்ன மூன்றும், கறுப்புத் தோலின் பின்பக்கத்தில், மாலை வெளிச்சத்தில், வேக வேகமாகப் புரட்டும்போது எப்படித் தெரியும் என்று அளவு அறையில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கு நூறு ரூபாய் விலை என்றால் ஒரே தோலில் ஐம்பது ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும். சரக்கு வாங்கியவர் தன் மெஷினில் மறுபடி அளப்பார், வித்தியாசத்துக்கு டெபிட் நோட் வரும். டேனரி ஜாப் வொர்க் செய்கிறதென்றால் கூலியில் பிடிப்பார்கள். ஏன் குறைந்தது என்ற விசாரணை கடைசியில் எழுதியவர் தலையில் வந்து நிற்கும். பெரிய கம்பெனி இதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு டிரம்மை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறவரும் நாள்கூலிக்கு நோட்டு எழுதுகிற பையனும் தாங்க மாட்டார்கள்.

மெஷினிலிருந்து கணினிக்குப் போன அந்த வயர் இதையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தது. மெஷின் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வரி அனுப்பும். வரிசை எண், பரப்பு, வரி முடிவு, அவ்வளவுதான். நடுவில் யார் கையும் படாது. அந்த வயர் முனையைச் சொருக ஓர் ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையைத் திரும்பக் கொடுப்பதுதான் கார்டின் வேலை.

சீரியல் என்று நாம் சொல்கிற ஆர்.எஸ். 232 முறை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒன்பது பின் வடிவம் 1984-இல் ஐ.பி.எம்.மின் ஏ.டி. கணினியோடு பரவியது. பிரிண்டர் போர்ட்டுக்கு வழிகாட்டியது 1970-இல் வந்த சென்ட்ரானிக்ஸ் பிரிண்டர். 1996-இல் யூ.எஸ்.பி. வந்தது. 1998-இல் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய போர்ட்டுகளை மொத்தமாக எடுத்துவிட்டது. மற்றவர்கள் மெல்ல மெல்ல அதே வழியில் போனார்கள். வீட்டுக் கணினிக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் தொழிற்சாலை மெஷின் ஒன்றை இருபது வருடம், முப்பது வருடம் ஓட்டுகிறோம். அதன் கால அளவு வேறு, கணினியின் கால அளவு வேறு. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தக் கார்டுகளை உலகம் முழுக்க இன்றும் தயாரிக்கிறார்கள்.

இதில் நம் நாட்டின் பங்கும் உண்டு. 1999-இல் ஐதராபாத்தில் தொடங்கிய மாஸ்சிப் என்ற நிறுவனம், பி.சி.ஐ. ஸ்லாட்டிலும் பிறகு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் சீரியல், பேரலல் போர்ட்டுகளைக் கொடுக்கும் சில்லுகளை விற்றது. எம்.சி.எஸ். 9865, 9901 என்று கார்டின் கறுப்புச் சில்லில் அச்சிட்டிருந்தால் அந்த வம்சம். பின்னால் தைவானின் ஏசிக்ஸ் நிறுவனம் அந்த வரிசையை வாங்கிக்கொண்டது. இப்போது சந்தையில் அதிகம் கிடைப்பது சீனாவின் டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் சி.எச். 382 வகைச் சில்லு வைத்த கார்டு. இரண்டு சீரியல், ஒரு பேரலல் சேர்ந்தே வரும். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் விசாரியுங்கள். சாதாரண கார்டு ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

"யூ.எஸ்.பி. டு சீரியல் வயர் இருக்கே, அது இன்னும் மலிவாச்சே" என்று உடனே கேட்பீர்கள். மெஷினைச் சரிபார்க்க லேப்டாப்போடு போகும்போது நானும் அதைத்தான் பையில் வைத்திருப்பேன். நாள் முழுக்க ஓடும் அளவு அறைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்தில் டிரம் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது எழும் மின்னிரைச்சலில் அந்த வயர் ஒரு நொடி கணினியிலிருந்து காணாமல் போய்த் திரும்பி வரும். போர்ட் திரும்பி வந்தாலும், அதைத் திறந்து வைத்திருந்த மென்பொருளுக்கு அது தெரியாது. திரையில் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், தோல் ஓடிக்கொண்டே இருக்கும், எண் மட்டும் பதிவாகாது. மின்சேமிப்புக்காக விண்டோஸ் அந்தப் போர்ட்டைத் தூங்க வைத்தாலும் இதே கதை. பெருக்குகிறவர் வயரைக் கழற்றி வேறு ஓட்டையில் சொருகினால், காம் 3 ஆக இருந்தது காம் 7 ஆகிவிடுவதும் உண்டு.

போலிச் சில்லுப் பிரச்சினை தனி. 2014 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்து, தன் சில்லின் போலிகளைக் கண்டுபிடித்து அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். தாங்கள் வாங்கியது போலி என்றே தெரியாதவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். நூறு, நூற்றைம்பது ரூபாய் வயரை நம்பி லட்ச ரூபாய் சரக்கின் கணக்கை விடும்போது இதை நினைவில் வையுங்கள். கார்டு பெட்டிக்குள் ஸ்க்ரூ போட்டு முறுக்கி நிற்கும். அதை யாரும் தற்செயலாகப் பிடுங்க முடியாது.

கார்டு வாங்கக் கடைக்குப் போகும் முன், புதுக் கணினியின் பக்க மூடியைக் கழற்றி ஒரு முறை உள்ளே பாருங்கள். மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாகப் பத்துப் பின் அளவுக்கு ஒரு சிறிய இடம், அதில் ஒரு பின் மட்டும் இல்லாமல், பக்கத்தில் காம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் உங்கள் போர்டில் சீரியல் போர்ட் ஏற்கெனவே உண்டு. வெளியே கொண்டுவரும் ரிப்பன் கேபிளும் தகடும்தான் இல்லை. கார்டு விலையில் சின்னப் பங்கில் வேலை முடிந்துவிடும். அந்தக் கேபிளில் இரண்டு விதமான வயரிங் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று வேலை செய்யவில்லை என்றால் போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

அது இல்லையென்றால்தான் கார்டு. பழைய கணினியில் இருந்த பி.சி.ஐ. கார்டைக் கழற்றிப் புதியதில் போட முடியாது, ஸ்லாட்டே வேறு. புதுப் போர்டுகளில் இருப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். நமக்கு வேண்டிய கார்டு அதில் மிகச் சிறிய ஸ்லாட்டுக்கானது. சின்ன ஸ்லாட் காலியாக இல்லாவிட்டால் பெரிய ஸ்லாட்டிலும் போடலாம், தாராளமாக வேலை செய்யும். பெட்டி ஒல்லியானது என்றால் கார்டோடு குட்டைத் தகடும் வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கிய ஆல் இன் ஒன், உள்ளங்கை அளவு மினி கணினி ஆகியவற்றில் பொதுவாக ஸ்லாட்டே கிடையாது. முதலாளிகளே, அளவு அறைக்கும் எடை மேடைக்கும் கணினி வாங்கும்போது மட்டுமாவது அழகைப் பார்க்காமல், ஸ்லாட் உள்ள டவர் பெட்டியாகக் கேளுங்கள்.

கார்டு வந்ததும் அதிலுள்ள ஜம்பரைக் கவனியுங்கள். சில கார்டுகளில் ஒன்பதாவது பின் வழியாக 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வெளியே அனுப்பும் வசதி உண்டு. பார்கோடு ஸ்கேனர் போன்றவற்றுக்கு அது உதவும். அளவு மெஷினுக்கும் எடை இண்டிகேட்டருக்கும் அந்த மின்சாரம் வேண்டாம். ஜம்பரைச் சாதாரண நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் வயரைச் சொருக வேண்டும்.

விண்டோஸ் 11-க்கான டிரைவரைச் சில்லு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான கார்டுகள் டிரைவர் தேடாமலே வந்துவிடும். பிறகு போர்ட் எண். கார்டு தானாக காம் 3, காம் 4 என்று எடுத்துக்கொள்ளும். பழைய அளவு மென்பொருள்கள் சில காம் 1, காம் 2 தவிர வேறு பெயரைக் கேட்டதே இல்லை. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் எண்ணை மாற்றலாம். கார்டின் போர்ட்டுக்கு எண் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால், யாரும் கைவைக்காதவரை அது அப்படியே இருக்கும்.

இப்போது மெஷினைத் தொடாமல் ஒரு சோதனை. கார்டின் ஒன்பது பின்னில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் முக்கியம், ஒன்று கேட்கும் காது, மற்றது பேசும் வாய். அந்த இரண்டையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, புட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து வெளியே போய், கம்பி வழியாகத் திரும்பி வந்து திரையில் விழும். கம்பியை எடுத்தால் எழுத்து நின்றுவிடும். இவ்வளவு நடந்தால் கார்டும் டிரைவரும் சரி. இனி ஏதாவது வரவில்லையென்றால் கோளாறு வயரிலோ மெஷினிலோ வேகக் கணக்கிலோதான். இந்தச் சோதனை தெரியாததால், நல்ல கார்டைக் கெட்டது என்று சொல்லிக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது வயர். மெஷின் பேசும் கம்பி கணினி கேட்கும் பின்னுக்குப் போக வேண்டும். சில மெஷினுக்கு நேர் வயர், சிலவற்றுக்கு 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்ட குறுக்கு வயர். ஐந்தாவது பின் பொதுத் தரை, அது இல்லாமல் எதுவும் நடக்காது. வேகமும் எழுத்து அமைப்பும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9600, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட் என்று பல மெஷின்களில் இருக்கும். திரையில் கசமுசா எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று பொருள். எதுவுமே வராவிட்டால் வயர். பழைய கணினியைக் கழற்றும் முன் அதிலிருந்த இந்த நான்கு விவரங்களையும் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சமாகும்.

வயரின் நீளத்தையும் பாருங்கள். ஆர்.எஸ். 232-க்குப் பதினைந்து மீட்டர் என்பது எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஃபினிஷிங் ஹாலிலிருந்து மாடி அலுவலகம் வரை அந்த வயரை இழுக்காதீர்கள். கணினியை மெஷின் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து அலுவலகத்துக்கு நெட்வொர்க் கேபிள் இழுங்கள். மெஷின் ஒரு ஃபேஸிலும் கணினி வேறு ஃபேஸிலும் இருந்து எர்த்திங்கும் சரியில்லை என்றால், அந்த ஐந்தாவது பின் வழியாகத் தேவையில்லாத மின்னோட்டம் ஓடிக் கார்டைப் பொசுக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஐசோலேஷன் உள்ள கார்டு விற்கிறார்கள். விலை கூடுதல்தான், அந்த இடத்துக்கு அது தேவை.

நம் ஊர்க் காற்றைப் பற்றிக் கணினிப் புத்தகம் எதிலும் எழுதியிருக்க மாட்டார்கள். முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறோம். அடுத்து சுண்ணாம்பை நீக்கும் கட்டத்தில் காரத்தன்மை குறையும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அந்த அழுகிய முட்டை நாற்றத்துக்கு நம் மூக்கு பழகிவிட்டது, செம்பும் வெள்ளியும் பழகுவதில்லை. சுண்ணாம்புக் குழிக்கு அருகில் இருந்த கணினியைத் திறந்து பார்த்தால் செம்புக் கம்பி கறுத்திருக்கும், சாலிடர் புள்ளிகளின் ஓரத்தில் கறுப்புப் படலம் படர்ந்திருக்கும். கார்டின் விளிம்பில் இருக்கும் தங்கப் பூச்சு இந்த வாயுவைத் தாங்கும். பூச்சு மெலிந்தால் அடியிலிருக்கும் உலோகம் தாங்காது. அதனால் விளிம்பை ரப்பர் வைத்துத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கணினி, பீம் ஹவுஸ் பக்கம் இல்லாமல் ஃபினிஷிங் பக்கம் இருக்கட்டும். அங்கேயும் பஃபிங் தூசு ஃபேனை அடைக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஊதிவிட்டால் நல்லது.

பிரிண்டரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கேட் பாஸுக்கும் டெலிவரி சலானுக்கும் மூன்று பிரதி கார்பன் வைத்து ஒரே அடியில் எடுக்க டாட் மேட்ரிக்ஸை விட்டால் வேறு வழியில்லை. டி.வி.எஸ். எம்.எஸ்.பி. இன்றும் பல ஸ்டோர்களில் கிர் கிர் என்று ஓடுகிறது. பேரலல் போர்ட் மட்டும் உள்ள மாடல் என்றால் அதே கார்டில் இருக்கும் 25 ஓட்டைப் போர்ட்டில் சொருகிக்கொள்ளலாம். கட்டிங் பேட்டர்ன் மென்பொருளுக்கான லாக் பேரலல் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்றால் யூ.எஸ்.பி. பிரிண்டர் வயர் எந்த விதத்திலும் உதவாது, அது அச்சடிக்க மட்டுமே தெரிந்தது. கார்டு பெரும்பாலும் உதவும். சில பழைய லாக் மென்பொருள்கள் 378 என்ற பழைய முகவரியைத் தவிர வேறெங்கும் தேடாது. அவற்றுக்குக் கார்டும் கைகொடுக்காமல் போகலாம். வாங்கும்போதே, வேலை செய்யாவிட்டால் திருப்பித் தருவேன் என்று பேசி வாங்குங்கள்.

கார்டால் முடியாதவை வேறு சிலவும் உண்டு. டாஸ் காலத்து அளவு மென்பொருள் 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது, விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான். அதே மென்பொருளை உண்மையான டாஸில் ஓட்டினாலும், அது 3எஃப்8 என்ற முகவரியில் நேராகப் போய்க் கதவைத் தட்டும். புதுக் கார்டு அந்த முகவரியில் குடியிருக்காது. நீளமான ஐ.எஸ்.ஏ. கண்ட்ரோல் கார்டு வைத்து வந்த பழைய கட்டிங் மெஷின்களுக்கும் இந்த வழி பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் பழைய கணினியையே வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வயரையும் வைஃபையையும் எடுத்துவிடுங்கள், யாரும் பென் டிரைவ் சொருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே முழுப் பிரதி எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். அந்தப் பிரதி இல்லாமல் டிஸ்க் போய்விட்டால் மெஷினையும் சேர்த்துத்தான் இழக்க வேண்டிவரும். அளவு மெஷின் விஷயத்தில் பலருக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. அது அனுப்புவது எளிய வரி, அதை வாங்கி எக்செல்லில் போடும் ஒரு சிறு நிரலை நம் பாலிடெக்னிக் மாணவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கழிவுநீர்க் கணக்கு என்பது நம் தொழிலின் உயிர்க்கணக்கு. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. உங்கள் ஃப்ளோ மீட்டர்களில் பல பேசுவது ஆர்.எஸ். 485. இரண்டே கம்பி, 1200 மீட்டர் வரை போகும், அதே இரண்டு கம்பியில் பல மீட்டர்களைக் கோர்க்கலாம். இதற்கும் தனிக் கார்டு உண்டு. சாதாரண சீரியல் கார்டில் அந்த இரண்டு கம்பியை முறுக்கிச் சொருகினால் ஒன்றும் வராது. கணினி மாற்றும் நாளில் மீட்டர் பதிவு விட்டுப்போனால் அந்த இடைவெளிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பழைய கணினியை நிறுத்தும் முன்பே கார்டை வாங்கிச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் விற்பவர்களுக்கும் சர்வீஸ் செய்பவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். மெஷின் என்ன வேகத்தில், என்ன வரிசையில், எந்தப் பின்னில் எண்ணை அனுப்புகிறது என்ற ஒரு பக்க விவரத்தை ஏன் கொடுக்க மறுக்கிறீர்கள்? மெஷினுக்கு முழுப் பணம் கொடுத்தவருக்கு, அது பேசுவதைக் கேட்கும் உரிமையும் உண்டு. அந்தப் பக்கம் கையில் இல்லாததால் மட்டும் நல்ல மெஷின் இரும்புக் கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் ஒழுங்காக அளந்த மெஷின் அது. அதன் அளவில் வாங்குகிறவரும் விற்கிறவரும் சண்டையில்லாமல் பழகிப்போயிருந்தார்கள்.

உங்கள் ஊர்ச் சங்கங்களில் இதைப் பேசுங்கள். எந்த மெஷினுக்கு எந்த வயர், எந்தக் கார்டு ஓடியது, எது ஓடவில்லை என்று ஒரே நோட்டில் எல்லோரும் எழுதி வைத்தால், பேர்ணாம்பட்டில் ஒருவர் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்ததை மேல்விஷாரத்தில் இன்னொருவர் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் தோலும் மெஷினும் மெக்கானிக்கும் மூன்று மாவட்டத்துக்கும் பொதுவாகத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஊருக்கு ஒரு கார்டும் ஒரு குறுக்கு வயரும் சங்கத்தில் உபரியாக இருந்தால், ஷிப்மெண்ட் நாளில் ஒருவருக்குக் கார்டு போய்விட்டாலும் சென்னைக்கு ஆள் அனுப்பாமல் ஒரு மணி நேரத்தில் வேலை நடக்கும். என்னிடம் இருக்கும் மெஷின் விவரங்களை அந்த நோட்டின் முதல் பக்கங்களுக்கு நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கணினி சர்வீஸ்காரன்